துடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க: ஒரு பழைய ஹெரால்டு பிரேக்கும் நம்ம நுரையீரலும்

1/
இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. ஒரு பழைய காரோட பிரேக்கைப் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு கிளினிக்ல கூட்டம் இல்லை போல"ன்னு நினைக்காதீங்க. பாதி த்ரெட் தாண்டினதும் விஷயம் நம்ம நெஞ்சுக்குள்ளேயே வந்துடும். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
என் ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டின ஊர். தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிற மிஷின் சத்தம் கேட்கும். அப்பா ஜவுளி வியாபாரம் பார்த்தவர். 1978-ல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். துணிக்கட்டு, மாமா, அத்தை, நாங்க நாலு பேர் எல்லாரும் அதுலதான் மதுரை போவோம். 1996-ல வீட்டுக்குப் பின்னால ஷெட்ல நின்ன வண்டி, அப்படியே நின்னு போச்சு.

3/
ஹெரால்டு தெரியாத தம்பி தங்கைகளுக்கு: இங்கிலாந்துல 1959-ல வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவம் கொடுத்தவர் மிக்கேலோட்டி என்கிற இத்தாலிக்காரர். 1961 முதல் சென்னை வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதைத் தயாரிச்சது. 1968-ல நாலு கதவு வச்ச மார்க் 3 வந்தது. எங்க வண்டி 1969 மாடல், நாலு கதவு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

4/
அப்பாவுக்கு இப்ப 84 வயசு. "அந்த வண்டியில ஒரு தடவை மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்துடணும்டா"ன்னு போன பொங்கலுக்குச் சொன்னார். சரின்னு இறங்கிட்டேன். இஞ்சின் ஓடாட்டி வண்டி நிக்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காட்டி? அதனால பிரேக்ல இருந்து ஆரம்பிச்சேன்.

5/
எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு பாகமும் ஃபேக்டரியில இருந்து எந்த நிறத்துல, எந்தப் பூச்சோட வந்ததோ அப்படியே திரும்ப வரணும். பழைய கார் ஆட்கள் இதை "ஒரிஜினல் ஃபினிஷ்"னு சொல்வாங்க. எது கறுப்பு பெயிண்ட், எது முலாம், எது வெறும் வார்ப்பிரும்பு? நம்ம ஊர்ல பழைய வண்டியைப் புதுப்பிக்கிறதுன்னா மேல இருந்து கீழ வரைக்கும் பளபளன்னு கறுப்பு அடிச்சு, டிரம்முக்கு சில்வர் பூசி விட்டுடுவாங்க. அது நகைக்கடை பொம்மை. அப்பாவோட வண்டி இல்லை.

6/
இப்ப என் தப்பைச் சொல்றேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆர்வக்கோளாறுல நானே இடது முன் சக்கரத்தைக் கழட்டினேன். டிரம்மை எடுத்தா உள்ளே ஒரே கறுப்புத் தூசி. ஒயர் பிரஷ், எமரி ஷீட் வச்சு ஒரு மணி நேரம் தேய்ச்சேன். வாயில கைக்குட்டை மட்டும். கடைசியில பேக் பிளேட் (பிரேக் பாகம் எல்லாம் பூட்டியிருக்கிற வட்டத் தகடு) வெள்ளி மாதிரி மின்னுச்சு. ரொம்பப் பெருமையா உட்கார்ந்தேன்.

7/
அப்புறம்தான் உறைச்சது. இதுல முதல்ல என்ன பூச்சு இருந்தது? தெரியாது. ஏன்னா தேய்ச்சுட்டேன். நோயாளி உள்ளே வந்ததும் என்ன ஏதுன்னு கேட்காம, தொட்டுப் பார்க்காம, நேரா ஊசி போட்டு அனுப்பின மாதிரி. எம்பிபிஎஸ் படிக்கிறப்போ எங்க பேராசிரியர்கள் தலையில கொட்டிக் கொட்டிச் சொன்ன முதல் பாடத்தையே மறந்துட்டேன்: முதல்ல பாரு, அப்புறம் தொடு.

8/
அடுத்த வாரம் மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். ராஜபாளையத்துல நாற்பது வருசமா பட்டறை வச்சிருக்கிறவர். என்னைச் சின்னப் பையனா இருந்தப்ப இருந்து தெரியும். வலது பக்க டிரம்மைக் கழட்டினதும் ஏர் பைப்பைக் கையில எடுத்தார். "ஒரு அடி அடிச்சா தூசி எல்லாம் பறந்துடும் தம்பி."

"வேண்டாம் அண்ணாச்சி, அந்த அழுக்குலதான் நமக்கு வேண்டிய தகவல் இருக்கு"ன்னேன்.

சிரிச்சார். "அழுக்குல என்ன தம்பி தகவல்?"

9/
அந்தத் தகவல் எங்கே இருக்கும்னு சொல்றேன். வெயிலும் தண்ணியும் கையும் போகாத இடத்துல. வாஷருக்கு அடியில, கிளிப்புக்குப் பின்னால, ரப்பர் மூடிக்கு உள்ளே, ரெண்டு தகடு ஒட்டி நிக்கிற இடுக்குல. தழும்பைப் பார்க்கணும்னா சட்டையை விலக்கித்தானே பார்க்கிறோம்? அதே கதைதான்.

10/
ஈரத் துணியை வச்சு மெதுவா ஒத்தி எடுத்தோம். ஒவ்வொரு கட்டத்துலயும் மொபைல்ல போட்டோ. வீல் சிலிண்டரைக் கழட்டினா, அது உட்கார்ந்திருந்த இடத்துல, பேக் பிளேட் மேல, அரை உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு எனாமல். ஐம்பத்தஞ்சு வருசம் ஆகியும் பளபளப்பு போகலை. சிலிண்டர் உடம்புல பெயிண்டே இல்லை. ரப்பர் மூடியை உரிச்சுப் பார்த்தா அங்கேயும் சாம்பல் நிற வெறும் வார்ப்புதான்.

11/
இதுல இருந்து என்ன தெரியுது? பேக் பிளேட்டுக்கு முதல்லயே பெயிண்ட் அடிச்சு, காய வச்சு, அப்புறம்தான் சிலிண்டரைப் பூட்டியிருக்காங்க. பூட்டின பிறகு மொத்தமா அடிச்சிருந்தா சிலிண்டர் மேலயும் பெயிண்ட் இருக்கும், அதுக்கு அடியில இருந்திருக்காது. நிறம் மட்டும் பத்தாது. எது முதல்ல, எது பிறகுன்னு வரிசையைப் பிடிச்சா ஃபேக்டரியில நடந்த வேலையே கண்ணு முன்னால வரும்.

12/
ஏமாத்துற அறிகுறிகளும் உண்டு. காய்ச்சல்னா எல்லாம் டைபாய்டு இல்லைல்ல, அதே மாதிரி.

அ) பிரேக் ஆயில் பெயிண்டை அரிச்சு எடுத்துடும். ஒழுகின சிலிண்டருக்குக் கீழே வெறும் இரும்பு தெரிஞ்சா "இது ஒரிஜினலாவே வெறும் இரும்பு"ன்னு முடிவு கட்டாதீங்க.

ஆ) பழைய கிரீஸ் காய்ஞ்சு தங்க நிறத்துல ஒட்டியிருக்கும். மஞ்சள் முலாம்னு தோணும். மண்ணெண்ணெய் தொட்ட துணியில துடைங்க. நிறம் துணிக்கு வந்தா அது கிரீஸ்.

13/
இ) இதுக்கு நேர் எதிர்: மஞ்சள் முலாம் சூட்டுலயும் வயசுலயும் வெளுத்துப் போகும். பிரேக்ல சூடு கேட்கவே வேண்டாம். இன்னைக்கு வெள்ளியா தெரியறது அன்னைக்குத் தங்க நிறமா இருந்திருக்கலாம். நட்டுக்கு அடியில, மரைக்குள்ள பாருங்க.

ஈ) துருவுக்கு மேல பெயிண்ட் இருந்தா அது ஃபேக்டரி பெயிண்ட் இல்லை. ரப்பர் மேல, நிப்பிள் மேல தெறிச்சிருந்தாலும் இல்லை. நடுவுல எவரோ அடிச்சது.

உ) ஒரு பக்கம் மட்டும் பார்த்து நம்பாதீங்க. இடது, வலது ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லைன்னா ஒண்ணு மாத்தின பாகம்.

14/
எங்க வண்டியில கடைசியா கிடைச்ச கணக்கு: பேக் பிளேட் கறுப்பு எனாமல். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் வெறும் வார்ப்பு. டிரம் வெளிப்பக்கம் மெல்லிசா கறுப்பு, ஷூ உரசுற இடம் வெறும் இரும்பு. ஸ்பிரிங் மங்கின கருஞ்சாம்பல், அடையாளத்துக்கு ஒரு சொட்டு பெயிண்ட். ஹேண்ட் பிரேக் பின், அட்ஜஸ்டர், நட்டு எல்லாம் முலாம். இது எங்க வண்டி. உங்க வண்டிக்கு இதையே விதியா எடுத்துக்காதீங்க, வருசத்துக்கு வருசம் மாறும்.

15/
சிலிண்டர்ல கிர்லிங்னு எழுத்து புடைச்சிருந்தது. ஹெரால்டு பிரேக் வடிவமைப்பு அந்த ஆங்கிலேய நிறுவனத்தோடது. 1962-ல டிவிஎஸ் குழுமமும் லூக்காஸ் கிர்லிங்கும் சேர்ந்து சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. அப்ப நம்ம ஆட்கள் கையில பூட்டின வேலைதானே இது? அந்த அரை உள்ளங்கை கறுப்பைப் பார்த்தப்போ கொஞ்ச நேரம் கையை எடுக்கவே மனசு வரலை.

16/
மிச்சம் ஒரே கேள்வி. அந்த முலாம் என்ன? துத்தநாகமா, கேட்மியமா? பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல ரெண்டுமே புழக்கத்துல இருந்தது. புத்தகத்துல பதில் இல்லை. சர்வீஸ் மேனுவல் எப்படிக் கழட்டணும்னு சொல்லும், என்ன பூச்சுன்னு பெரும்பாலும் சொல்லாது.

அப்போ வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "நகைக்கடையில தங்கத்தை ஒரு மிஷின்ல வச்சு என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுறாங்களே, அதுல வச்சுப் பார்த்தா என்ன?"

17/
சத்தியமா எனக்குத் தோணலை! அந்த மிஷின் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, திரும்பி வர்ற கதிரை வச்சு எந்த உலோகம்னு சொல்லும். தெரிஞ்ச நகைக்கடைக்கு ஹேண்ட் பிரேக் பின்னை எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே வச்சார். வலது பக்கப் பின்: இரும்போட கேட்மியம். இடது பக்கப் பின்: இரும்போட துத்தநாகம். அதாவது வலது ஒரிஜினல். இடது பிற்பாடு மாத்தினது.

18/
கேட்மியம்னா உங்களுக்குத் தெரியாத பேர் இல்லை. "கேடிஎம் நகை"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த கேடிஎம் கேட்மியம்தான். தங்கத்தைப் பற்றவைக்கப் பயன்படுத்தினாங்க. வேலை சுலபம், நகை தரமா வரும். ஆனா ஊதி ஊதிப் பற்றவைச்ச பொற்கொல்லர் நெஞ்சுக்குள்ள புகை போச்சு. அதனாலதான் அதைக் கைவிட்டாங்க.

கேட்மியம் நம்ம சிறுநீரகத்துல போய் உட்காரும், வருசக்கணக்கா வெளியே வராது. ஜப்பான்ல ஜின்சு ஆத்துத் தண்ணியில சுரங்கக் கழிவா கலந்து எலும்பு நொறுங்கற நோயைக் கொண்டு வந்தது. "இட்டாய் இட்டாய்"னு பேர். "வலிக்குது, வலிக்குது"ன்னு அர்த்தம். 1968-ல ஜப்பான் அரசு இதை ஒத்துக்கிச்சு.

19/
மறுநாள் நடந்ததுதான் இந்த த்ரெட்டை எழுத வச்சது. பின் சக்கரத்துல அட்ஜஸ்டர் இறுகிக் கிடந்தது. நான் கிளினிக் முடிச்சு வர்றப்போ அண்ணாச்சி கேஸ் டார்ச்சைப் பத்த வச்சுட்டார். "சூடு காட்டினா தானா லூசாயிடும் தம்பி." அதே முலாம் போட்ட அட்ஜஸ்டர்.

"அண்ணாச்சி, அணைங்க முதல்ல!"ன்னு கத்திட்டேன். என் வயசுக்கு அவர்கிட்ட அப்படிக் கத்தினதே இல்லை.

20/
ஏன் கத்தினேன்? கேட்மியம் 321 டிகிரியில உருகிடும். டார்ச் சூட்டுக்கு அது ஒண்ணுமே இல்லை, இன்னும் ஏறினா புகையாகும். அந்தப் புகையை இழுக்கிறப்போ பெருசா ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சு காய்ச்சல், இருமல், உடம்பு வலி, நெஞ்சு இறுக்கம். ஃப்ளூன்னு நினைச்சு மாத்திரை போட்டுப் படுத்துடுவாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல நுரையீரல்ல நீர் கோத்து உயிரே போகலாம். பட்டறை, வெல்டிங் ஆட்கள் சூடு காட்டின அன்னைக்கு ராத்திரி காய்ச்சலோட வந்தா, "இன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்க"ன்னு கேளுங்கன்னு என் சக டாக்டர்களுக்கும் சொல்லிக்கிறேன்.

21/
துரு நீக்குற எண்ணெயை விட்டுவிட்டு மூணு நாள் காத்திருந்தோம். அட்ஜஸ்டர் தானா அசைஞ்சுது. மூணு நாள். அவ்வளவுதான் விலை.

22/
இப்ப அந்தக் கறுப்புத் தூசிக்கு வர்றேன். நான் முதல் வாரம் கைக்குட்டை கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேனே, அது. அந்தக் கால பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் நார் முக்கியச் சேர்மானம். சூட்டைத் தாங்கும், உரசலைத் தாங்கும், விலை குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி நார். உள்ளே போனா நுரையீரல் அதைக் கரைக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. நுரையீரல் தழும்பு, புற்றுநோய், நுரையீரல் உறையில வர்ற மீசோதீலியோமா. இருபது, முப்பது, நாற்பது வருசம் கழிச்சும் வரும். பீடி சிகரெட்டோட சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

23/
நியாயமா ஒண்ணு சொல்லணும். பிரேக் வேலை மட்டும் பார்த்த மெக்கானிக்குகளுக்கு மீசோதீலியோமா கூடுதலா வருதாங்கிறதுல ஆய்வுகள் ஒரே குரல்ல பேசலை. உரசல் சூட்டுல நார்ல பெரும்பகுதி சிதைஞ்சு போறதும் ஒரு காரணம். அதனால பழைய மெக்கானிக் யாரும் பயந்து நடுங்க வேண்டாம். ஆனா ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்கும்கிறதுல சந்தேகமே இல்லை. ஒரு வாளித் தண்ணியில தடுக்க முடியற ஆபத்தை எதுக்கு இழுத்து உள்ளே விடணும்?

24/
நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தூசி புதுசில்லை. பஞ்சாலையில வேலை பார்த்தவங்ககிட்ட கேளுங்க. வாரலீவு முடிஞ்சு திங்கட்கிழமை மில்லுக்குள்ள போனதும் நெஞ்சைப் பிடிக்கும். பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ் அது. அதுவாவது திங்கட்கிழமை வந்து "நான் இருக்கேன்"னு சொல்லும். ஆஸ்பெஸ்டாஸ் ஒண்ணும் சொல்லாது.

25/
பழைய வண்டி வச்சிருக்கிறவங்க, பட்டறை நடத்துறவங்க இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க:

* டிரம்முக்குள்ள ஏர் அடிக்கவே கூடாது. காய்ஞ்ச பிரஷ், எமரி ஷீட்டும் கூடாது.
* சோப்புத் தண்ணியை மெதுவா தெளிச்சு, ஈரத் துணியால ஒத்தி எடுங்க. துணியைப் பையில போட்டு இறுக்கிக் கட்டுங்க, எரிக்காதீங்க.
* கைக்குட்டை, துணி மாஸ்க் எதுக்கும் ஆகாது. என்95-ம் ஆஸ்பெஸ்டாஸுக்குப் போதாது, பி100 வடிகட்டி வேணும். அதைவிட முக்கியம் தூசியையே கிளப்பாம இருக்கிறது.
* வேலை உடுப்போட போய் பிள்ளையைத் தூக்காதீங்க.

26/
* முலாம் போட்ட பழைய பாகத்துக்கு டார்ச் காட்டாதீங்க, அரைக்காதீங்க.
* டிரம் உரசுற இடத்துலயும் சிலிண்டருக்கு உள்ளேயும் பெயிண்ட் படக் கூடாது. இறுக்கிப் பூட்டுற முகத்துல கனமா பவுடர் கோட்டிங் வேண்டாம், நாளடைவுல அமுங்கி போல்ட் லூசாகும்.
* ஸ்பிரிங்கை ஆசிட்ல முக்கி முலாம் போடாதீங்க. கெட்டி எஃகுக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து திடீர்னு உடையும். புதுசு வாங்குங்க.
* சிலிண்டர் ரப்பரை மண்ணெண்ணெய், பெட்ரோல்ல கழுவாதீங்க. ஊதிப்போகும். பிரேக் ஆயில்லயே கழுவுங்க.

27/
அப்போ ஒரிஜினல் ஃபினிஷ் பிடிவாதம் என்ன ஆச்சு? பேக் பிளேட்டுக்குக் கறுப்பு எனாமல், சிலிண்டருக்கு வெறும் வார்ப்பு நிறம், ரெண்டும் அப்படியே. முலாம் மட்டும் ஒரிஜினல் இல்லை. துத்தநாகம் போட்டோம், அதுவும் விஷத்தன்மை கொண்ட பழைய குரோமேட் இல்லாத மஞ்சள் பூச்சுல. லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. நிறம் கிட்டத்தட்ட அதேதான். ஃபேக்டரி என்ன செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிறது என் கடமை. அதுல எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்னு கடமை இல்லை. அந்த வலது பக்கப் பின்னை மட்டும் ஒரு சின்ன பாட்டில்ல போட்டு மூடி, "1969, கேட்மியம், திறக்காதே"ன்னு எழுதி வச்சிருக்கேன்.

28/
யோசிச்சுப் பார்த்தா, நான் முதல் நாள் செஞ்சது ஒரே காரியம்தான்: பார்க்காம தேய்ச்சேன். அந்த ஒரு காரியத்துல ரெண்டு நஷ்டம். அழுக்குக்குள்ள இருந்த தகவல் அழிஞ்சுது. அழுக்குக்குள்ள இருந்த விஷம் நெஞ்சுக்குள்ள போச்சு. ஈரத் துணி ரெண்டையும் காப்பாத்தியிருக்கும்.

29/
அப்பாவை மெயின் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். போற வழியெல்லாம் அவர் பேசலை. திரும்பி வந்து நின்னதும், "பெடல் நல்லா நிக்குதுடா"ன்னார். கறுப்பு எனாமலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு எதுக்கு அது!

போன வாரம் அண்ணாச்சி பட்டறை வழியா போனேன். ஒரு லோடு வண்டி டிரம்மைக் கழட்டிக்கிட்டு இருந்தார். ஏர் பைப் சுவத்துல மாட்டியிருந்தது. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, துணி. என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, இதுல ஏதும் தகவல் இருக்கா?"ன்னு கேட்டார்.

உங்க ஊர் மெக்கானிக் அண்ணனுக்கு இந்த த்ரெட்டைக் காட்டுங்க மக்களே.

அன்புடன்,
உங்க செட்டியார்பட்டி டாக்டர்